‘குடல் அழுகிவிட்டது’ என்றார்கள். அடுத்த குழந்தையை எப்படிக் காப்பது?

கேள்வி:

அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 23. இரண்டு வருடத்துக்கு முன்பு 30 வாரத்திலேயே வலி வந்து, ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 200 கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆறாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பால் சரியாக ஊறவில்லை என்று டப்பா பால் கொடுத்தார்கள். குழந்தை தேறி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வாரத்தில் வயிறு வீங்கி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தம் போயிற்று. குடல் அழுகிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். அப்போது நான் பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போய் வந்ததுதான் காரணம் என்று மாமியார் இன்னமும் சொல்கிறார். என் பால் இல்லாததால்தான் குழந்தை போய்விட்டதா? இதற்கும் அப்படி வருமா? கழுதைப்பால் புகட்டினால் குடல் கெட்டிப்படும் என்கிறார்கள். குடலுக்கு நல்ல கிருமி உள்ள பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கிறதாம். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு வருடமாக உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போய் வந்ததால் எந்தக் குழந்தையின் குடலும் அழுகாது. உங்கள் மகனுக்கு வந்ததை டாக்டர்கள் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். அந்த நோய்க்கு அடிப்படைக் காரணம், குழந்தை மிக முன்னதாகப் பிறந்ததுதான். அது வரும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது, மாதம் நிறையாமல் பிறந்தவை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலும் வருகிறது.

பால் விஷயத்தில் உண்மையை மறைக்க மாட்டேன். தாய்ப்பால் இந்த நோயைத் தடுக்கும் பெரிய பாதுகாப்பு. அது உங்கள் மகனுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆனால் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கும் சில நேரம் இது வந்துவிடுகிறது, டப்பா பால் குடித்த பெரும்பாலான குழந்தைகளுக்கு வராமலும் போகிறது. ஆகவே உங்கள் மகன் எதனால் இறந்தான் என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்ட யாராலும் முடியாது. வயிற்றில் தையலோடு, குழந்தையைப் பிரிந்து, பாலை எப்படிப் பீச்சி எடுப்பது என்று சொல்லித்தர ஆளில்லாமல் வீட்டில் கிடந்த பெண்ணுக்குப் பால் வற்றிப்போகத்தான் செய்யும். அது உங்கள் குற்றம் இல்லை. உங்களைக் குழந்தையின் பக்கத்திலேயே வைத்திருக்க ஒரு ஏற்பாடு இல்லை. இந்த முறை அந்த ஏற்பாட்டைத்தான் செய்ய வேண்டும், அதுவும் இப்போதே.

இந்தக் குழந்தைக்கும் வருமா என்று கேட்கிறீர்கள். நோய் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வருவதில்லை. குழந்தை மாதம் நிறைந்து பிறந்துவிட்டால் இந்தப் பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் ஒருமுறை குறைமாதத்தில் பிரசவித்தவருக்கு மறுமுறையும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே அடுத்த ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும்போதே கருப்பை வாயின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 25 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரான் மாத்திரையோ, கருப்பை வாயில் தையலோ பிரசவத்தைத் தள்ளிப்போட உதவும். இதைத் தீர்மானிக்க வேண்டிய வாரங்கள் இவைதான். ஏழாம் மாதத்தில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், ரத்தசோகை இவற்றைக் கிராம சுகாதார செவிலியர் பார்த்துவிடுவார். சிறுநீரில் கிருமி என்று சொன்னால் எரிச்சல் இல்லாவிட்டாலும் மருந்தை முழுமையாகச் சாப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முன்னதாக வலி வரலாம். 34 வாரத்துக்கு முன்பு அடிவயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, “சூட்டு வலியாக இருக்கும், சீரகத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம்” என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே போய்ச் சேருங்கள். உங்களுக்கு அது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது சேலம். ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தவர்களுக்குக் கிருஷ்ணகிரி. இவ்வளவு சிறிய குழந்தையைப் பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோவது பல மடங்கு பாதுகாப்பு.

அங்கே போனதும் ஒன்றைக் கேளுங்கள்: “குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி போட்டாயிற்றா?” பெயர்தான் நுரையீரல் ஊசி, அது மூளைக்குள் ரத்தம் கசிவதையும் குறைக்கும், குடல் அழுகும் ஆபத்தையும் ஏறக்குறையப் பாதியாக்கும். 1972-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹவி என்ற இரு டாக்டர்கள் இதன் பலனை வெளியிட்டார்கள். இங்கே பெரும்பாலும் டெக்ஸாமெதசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுவார்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட வழி இருக்கிறது. நீங்கள் வாய்திறந்து கேட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். இந்த ஊசிக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இனிப் பால்.

குறைமாதக் குழந்தையின் குடல், நெருக்கிப் பின்னாத கூடைபோல. உட்சுவரின் செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும், மேலே பூசியிருக்க வேண்டிய சளிப்படலம் மெல்லியதாக இருக்கும், அசைவும் மந்தம். உள்ளே போன பால் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி பெருகிச் சுவருக்குள் புகுகிறது. அதை எதிர்க்க உடல் காட்டும் வேகம் அளவுக்கு மீறிப்போய், அந்த இடத்துக்கே ரத்த ஓட்டம் குறைந்து, திசு செத்துவிடுகிறது. கிருமிகள் உண்டாக்கிய வாயு குடல் சுவருக்குள்ளேயே கோடு கோடாக எக்ஸ்ரேயில் தெரியும். இது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வருகிறது. மூச்சு சீராகி, பால் அளவு கூடி, “இனிப் பயமில்லை” என்று எல்லோரும் நினைக்கிற நேரம் அது. உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. தேறி வருகிறது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை.

சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அந்தக் குடல் சுவர்மேல் படிந்து கிருமி ஒட்டாமல் காக்கின்றன. சுவர் முதிர உதவும் பொருள்களும் அதில் உண்டு. குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரையும் தாய்ப்பாலில் இருக்கிறது. அது நல்ல கிருமிகளுக்கான உணவு. இன்னொன்று: தாய் வார்டிலேயே இருந்து குழந்தையைத் தொட்டுப் பழகும்போது, அங்கிருக்கும் கிருமிகள் தாயின் உடலுக்கும் அறிமுகமாகி, அவற்றுக்கான எதிர்ப்பு பாலில் இறங்குகிறது. வீட்டில் படுத்திருக்கும் தாயின் உடலுக்கு வார்டில் என்ன கிருமி இருக்கிறது என்று தெரிய வழியில்லை.

1990-இல் பிரிட்டனில் லூகாஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, டப்பா பால் மட்டும் பெற்றவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. அதே ஆய்வில், டப்பா பாலோடு கொஞ்சம் தாய்ப்பாலும் கிடைத்தவர்களுடன் ஒப்பிட்டால், தாய்ப்பாலே கிடைக்காதவர்களுக்கு அது 3 மடங்கு. அரை பாலாடை அளவுதான் வருகிறது என்று எந்தத் தாயும் மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த அரை பாலாடையும் மருந்துதான்.

குழந்தை உறிஞ்ச முடியாத நிலையில் இருக்கும். ஆகவே கையால்தான் பீச்ச வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. ஆபரேஷன் என்றாலும் ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். படுத்தபடியே நர்ஸ் உதவியுடன் செய்யலாம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய, வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. வெதுவெதுப்பான துணியால் மார்பை ஒற்றி, மெல்லத் தடவிவிடுங்கள். கட்டைவிரலைக் கருவளையத்தின் மேல் விளிம்பிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் விளிம்பிலும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து நசுக்கி விடுங்கள். தோலில் விரலை இழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்துத் திருகவும் கூடாது. வலி வந்தால் விரல் இருக்கும் இடம் தவறு. முதலில் ஒன்றும் வராது. பிறகு காம்பு நுனியில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒரு துளி கட்டி நிற்கும். நர்ஸ் அதைச் சிறிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்வார். குழந்தைக்குக் குழாய் வழியே பால் தொடங்காவிட்டாலும், கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு சொட்டுத் தடவலாம்.

முதல் இரண்டு நாளும் சொட்டுக் கணக்குத்தான். அதைப் பார்த்துவிட்டு “பால் இல்லை” என்று தீர்ப்பு எழுதுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பீச்ச வேண்டும். இரவு ஒருமுறை கட்டாயம். எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால், இனித் தேவையில்லை என்று உடல் நிறுத்திக்கொள்ளும். நம் வெயிலில் பீச்சிய பாலை நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறியை ஒதுக்குவதும் கூடாது. ராகிக் களி, கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடலாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ‘ஆறாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்ற வரி. படுக்கை நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் தாயை அனுப்பிவிட்டுக் குழந்தையை மட்டும் வைத்துக்கொள்வது சிகிச்சையில் பாதியை வெளியே அனுப்புவதற்குச் சமம் என்றே நினைக்கிறேன். தாயையும் குழந்தையையும் பிரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாயின. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் உடனே தாயின் நெஞ்சோடு தோல்படச் சேர்த்து வைத்தபோது, இறப்பு கால்பங்கு குறைந்தது. இதுதான் கங்காரு பராமரிப்பு. நெஞ்சில் குழந்தை கிடக்கும்போது பாலும் கூடுதலாக ஊறும், தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் குழந்தைக்குப் போய்ச் சேரும். நீங்கள் களைத்திருந்தால் கணவரோ மாமியாரோ நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்.

எனவே டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் தலையாட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். “குழந்தைக்குப் பால் பீச்சித் தர வேண்டும், நான் இங்கேயே தங்க இடம் வேண்டும்” என்று தெளிவாகக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை சிகிச்சை, மருந்து, வாகனம் எல்லாம் இலவசம் என்பது மத்திய அரசின் திட்டம். செலவுக்குப் பயந்து பிரிந்து போக வேண்டியதில்லை. கணவருக்குக் கூலி போகும் என்பது உண்மை. அவர் தினமும் வர வேண்டாம். நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் பால் போதவில்லை என்றால் அடுத்தபடி, தானமாகப் பெற்றுப் பரிசோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய தாய்ப்பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று தமிழகத்திலும் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. டப்பா பால் தரப் போகிறோம் என்று சொன்னால், “வங்கிப் பால் கிடைக்குமா?” என்று முதலில் கேளுங்கள். வங்கிப் பாலோடு ஒப்பிட்டால் டப்பா பாலில் இந்த நோயின் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. நாத்தனாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ அன்போடு பால் தர முன்வந்தாலும், பரிசோதிக்காத பாலை இவ்வளவு சிறிய குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டாம். எதுவுமே கிடைக்காத நிலையில் டாக்டர் குறைமாதக் குழந்தைக்கான டப்பா பாலைத் தந்தால், அது விஷம் என்று நினைத்துக் கலங்கவும் வேண்டாம். குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது. குடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று பாலைப் பல நாள் தள்ளிப்போடுவதால் இந்த நோய் குறைவதில்லை என்பதும் தெரிந்த விஷயம்.

கழுதைப்பால் வேண்டவே வேண்டாம். அது குடலைக் கெட்டிப்படுத்தாது. காய்ச்சாத மிருகப் பாலில் வரும் கிருமி இந்தக் குடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். சேனைத் தண்ணீர், தேன், உரை மருந்து, வசம்பு, விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு உப்பினால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவதும் கூடாது. பால் கக்குகிறது என்று அமிலம் குறைக்கும் மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு ரானிடிடின் போன்ற மருந்துகள் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. கிருமிக்கொல்லி மருந்தும் அப்படியே. தொற்று இருந்தால் உயிர் காக்கும்; தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் நீண்டால் நல்ல கிருமிகளை அழித்துவிடும். “ரத்தப் பரிசோதனையில் கிருமி வளர்ந்ததா, மருந்து இன்னும் எத்தனை நாள்?” என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பவுடர் விஷயத்தில் அவ்வளவு நேரான பதில் இல்லை. நல்ல கிருமிகள் அடங்கிய சில மருந்துகள் இந்த நோயைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அவற்றைத் தரலாமா என்று யோசிக்கலாம் என உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை. அந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்து குழந்தை இறந்த சம்பவத்தை ஒட்டி, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. வார்டு டாக்டர் தெரிந்த மருந்தை, அளவறிந்து கொடுத்தால் கொடுக்கட்டும். நீங்கள் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் குழந்தையைப் பார்க்கும் நீங்கள்தான் மாற்றத்தை முதலில் காண்பீர்கள். வயிறு நேற்றைவிடப் பெரிதாகி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றால், வாந்தியோ குழாயில் திரும்பி வருவதோ பச்சையாக இருந்தால், மலத்தில் ரத்தக் கீற்று தெரிந்தால், துடிப்பாக இருந்த குழந்தை துவண்டு கிடந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், அடுத்த ரவுண்டு வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். தொடக்கத்திலேயே பாலை நிறுத்தி, வயிற்றை வடிய விட்டு, மருந்து கொடுத்தால் பல குழந்தைகள் ஆபரேஷன் இல்லாமலே மீள்கின்றன.

முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் விவரம் எது கையில் இருந்தாலும், அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தக் காகிதத்தைக் கண்டால் டாக்டர் உங்களைத் தனிக் கவனத்தோடு பார்ப்பார்.

இந்தப் பதிலை உங்கள் மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். அம்மா, பேரனை இழந்த துக்கம் உங்களுக்கும் உண்டு. அந்தத் துக்கம்தான் காரணம் தேடச் சொல்கிறது. மருமகள்மேல் பழி போட்டால் அவர் உடலில் பால்கூட இறங்காது. மனக்கலக்கம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பது மருத்துவ உண்மை. ஒருவேளை இந்தக் குழந்தையும் முன்னதாகப் பிறந்துவிட்டால் உங்கள் கை இல்லாமல் காரியம் நடக்காது. கிண்ணத்தைக் கொதிக்க வைக்க வேண்டும், வேளாவேளைக்குச் சூடாகச் சோறு கொண்டுவர வேண்டும், இரவு இரண்டு மணிக்குப் பால் பீச்ச எழுப்பிவிட வேண்டும், மருமகள் தூங்கும்போது பேரப்பிள்ளையை உங்கள் நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் உங்களுக்கும் இரண்டு புடவை எடுத்து வையுங்கள்.